அப்பாவுக்கு ஏன் தண்ணீரில் புரையேறுகிறது?

அன்புள்ள ஐயா,
அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. இட்லியைப் பிசைந்து கொடுத்தால் சாப்பிட்டுவிடுகிறார். தண்ணீர் குடித்தால்தான் புரையேறுகிறது. ‘யாரோ நெனைக்கிறாங்க’ என்று பாட்டி தலையில் தட்டுகிறார். சொந்தக்காரர்களோ ரசமும் கஞ்சித்தண்ணியும் மட்டும் கொடு என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள தங்கைக்கு,

ரசம் மட்டும் என்ற யோசனை வேண்டவே வேண்டாம்மா. உங்கள் அப்பாவுக்கு ஆபத்தே அதில்தான்.

தொண்டை நம் சேலம் ஐந்து ரோடு சந்திப்பு மாதிரி. மூச்சும் சோறும் அங்கே குறுக்கே கடக்கின்றன. நாக்கு கவளத்தைப் பின்னால் தள்ளும்வரைதான் நம் இஷ்டம். அப்புறம் மூளைத்தண்டில் உள்ள முகுளம் பார்த்துக்கொள்ளும். கழுத்தில் விரல் வைத்து எச்சில் விழுங்குங்கள், குரல்வளை ஏறி இறங்கும். அந்த ஒரு விநாடிக்குள் மேல்வாயின் பின்பகுதியான மெல்லண்ணம் எழும்பி மூக்குவழியை அடைக்கிறது, குரல்நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, குரல்வளையின் மூடி கவிழ்கிறது, மூச்சு நிற்கிறது, உணவுக்குழலின் வாய் திறக்கிறது. பிறகு சுமார் 25 செ.மீ. குழல் அலையலையாகச் சுருங்கி உணவை இறக்கிவிடும்.

பக்கவாதத்தில் இந்தக் கதவடைப்பு தாமதமாகலாம். பிசைந்த இட்லி திரண்டு மெதுவாக நகரும். தண்ணீர் நிற்காது; கதவு மூடுமுன் மூச்சுக்குழல் வாசலுக்குப் போய்விடும். தட்டுவடை செட் கேட்டாலும் இப்போது வேண்டாம், தூள் தூளாகச் சிதறும்.

பாட்டியிடம் பதமாகச் சொல்லுங்கள்: அந்த இருமல்தான் அவரைக் காக்கிறது. தட்டாமல், நிமிர்ந்து உட்கார்ந்து இருமி முடிக்க விடுங்கள். என் அம்மாவுக்கு இருமல் நின்றதும் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். தொண்டையில் உணர்வுதான் போயிருந்தது. தண்ணீர் சத்தமில்லாமல் நுரையீரலுக்கு இறங்கி, நான்காம் நாள் நிமோனியா. குடித்தபின் அப்பாவின் குரல் ஈரமாகக் களகளத்தாலோ, சளியோடு காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

இந்த வாரமே நரம்பு மருத்துவரிடம் சொல்லி, விழுங்குவதைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். தண்ணீரை எவ்வளவு கெட்டியாக்குவது, தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்கலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் மாறும். அதுவரை நேராக உட்காரவைத்துச் சின்னக் கரண்டியால் கொடுங்கள். டிவி வேண்டாம், பேச்சுக் கொடுக்க வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்கவிடாதீர்கள்.

பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.