தேர்ந்தெடுத்த அரசின் கையை ஏன் கட்ட வேண்டும்?

அன்புள்ள ஐயா,

அரசின் அதிகார வரம்பு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. மன்னர்கள் ஆண்ட காலத்தில் அவர்களைக் கட்டுப்படுத்த ஒரு சாசனம் தேவைப்பட்டது, சரி. இன்று அரசைத் தேர்ந்தெடுப்பதே மக்கள்தானே? பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றிவிடலாம். என்றோ செத்துப்போனவர்கள் எழுதிவைத்ததைக் காட்டி, கோடிக்கணக்கானோர் வாக்களித்து வந்த அரசின் கையை ஏன் கட்ட வேண்டும்? நல்லது செய்ய நினைக்கும் தலைவருக்கும் அது முட்டுக்கட்டைதான். அப்புறம், அடக்குமுறை செய்ய முடிவெடுத்துவிட்ட ஒருவரை வெறும் காகிதம் தடுத்துவிடுமா என்ன?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றிவிடலாம் என்கிறீர்கள். அந்த அடுத்த தேர்தல் நடக்கும் என்று யார் உறுதி சொன்னது? நடந்தாலும், எதிர்த்து நிற்பவர் அன்றைக்குச் சிறைக்கு வெளியே இருக்க வேண்டும். அவர் சொல்வதை ஒரு பத்திரிகையாவது அச்சிட முடிய வேண்டும். ஆளுங்கட்சி தோற்றுப்போனால் நாற்காலியை விட்டு இறங்க வேண்டும். இவையெல்லாம் ஆட்சியில் இருப்பவரின் விருப்பத்தைப் பொறுத்தவை என்றால், அவர் விரும்பும்வரைதான் தேர்தல். மக்களின் தீர்ப்பு மக்கள் கையிலேயே இருக்க வேண்டுமானால், அரசு தொடக்கூடாத சில இடங்கள் இருந்தாக வேண்டும்.

ஜெர்மனியில் நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். 1933 பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே ஓர் அவசர ஆணை வந்தது. தனிமனித சுதந்திரம், பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, கடிதங்களின் ரகசியம், வீட்டின் பாதுகாப்பு, சொத்துரிமை எல்லாம் ஒரே கையெழுத்தில் நின்றுபோயின. அதைச் செய்ய அவர்களுடைய அரசியலமைப்பின் 48-ஆவது பிரிவே இடம் கொடுத்தது. மார்ச் 5 தேர்தலில் ஹிட்லரின் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மைகூடக் கிடைக்கவில்லை. ஆனால் மார்ச் 23 அன்று, நாடாளுமன்றம் இல்லாமலே அமைச்சரவை சட்டம் இயற்றலாம், அந்தச் சட்டம் அரசியலமைப்பை மீறினாலும் செல்லும் என்று ஒரு மசோதா வந்தது. ஆதரவாக 444 வாக்குகள், எதிராக 94. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் ஒருவர்கூட அவையில் இல்லை. சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். ஜூலையில் மற்ற கட்சிகள் தடை செய்யப்பட்டன. நீங்கள் சொல்லும் அந்த அடுத்த தேர்தல் நவம்பரில் வந்தது. வாக்குச்சீட்டில் ஒரே ஒரு கட்சியின் பட்டியல்தான் இருந்தது.

செத்துப்போனவர்கள் எழுதியது என்று நீங்கள் சொல்வதற்கும் அதே நாட்டில் பதில் இருக்கிறது. 1949-இல் மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தை எழுதியவர்கள், இதையெல்லாம் கண்முன் பார்த்தவர்கள். மனித மாண்பு மீறக்கூடாதது என்று முதல் பிரிவில் எழுதினார்கள். அந்தக் கோட்பாட்டை எவ்வளவு பெரிய பெரும்பான்மை வந்தாலும் திருத்த முடியாது என்று 79-ஆவது பிரிவில் பூட்டும் போட்டார்கள். மக்களை நம்பாததால் அப்படி எழுதினார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பயத்திலும் கோபத்திலும் இருக்கும்போது மக்கள் எதற்கெல்லாம் தலையாட்டுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நிதானமாக இருக்கும் நாளில் ஒரு சமூகம், தான் நிதானம் இழக்கப்போகும் நாளுக்காகச் செய்துவைக்கும் ஏற்பாடு என்றே அரசியலமைப்பை நான் பார்க்கிறேன்.

நல்ல தலைவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. 1952-இல் அமெரிக்கா கொரியப் போரில் இருந்தது. எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானார்கள். ஆயுத உற்பத்தி நின்றுபோகும் என்று பயந்த அதிபர் ட்ரூமன், ஏப்ரல் 8 அன்று ஆலைகளை அரசே எடுத்து நடத்தும்படி உத்தரவிட்டார். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது, போர் முனையில் அவருடைய வீரர்கள் இருந்தார்கள். ஆனால் அப்படி ஆலைகளை எடுத்துக்கொள்ள நாடாளுமன்றம் அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கவில்லை. ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அந்த உத்தரவு செல்லாது என்றது. அந்த நீதிபதிகளில் நால்வர் ட்ரூமனே நியமித்தவர்கள். நால்வரில் இருவர் அவருக்கு எதிராக நின்றார்கள். அவர் கோபப்பட்டார், ஆனாலும் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். வேலைநிறுத்தம் ஏழு வாரத்துக்கு மேல் நீண்டது. அதற்கு ஒரு விலை இருந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் அன்று அந்த அதிகாரத்தை அனுமதித்திருந்தால் அது ட்ரூமனோடு போயிருக்காது. அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வரும் ஒவ்வொருவரும் அதை எடுத்துக்கொள்ளலாம். நல்லவருக்காகத் திறந்த கதவை அவர் போன பிறகு யார் மூடுவது?

வரம்பு போட்டால் அரசு பலவீனமாகிவிடும் என்பதையும் நான் ஏற்கவில்லை. 1672-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், கடன் கொடுத்தவர்களுக்குத் தர வேண்டிய பணத்தை ஒரே உத்தரவில் நிறுத்திவைத்தார். யாரும் கேட்க முடியவில்லை. அப்படிப்பட்ட அரசுக்கு யார் நம்பிக் கடன் கொடுப்பார்கள்? 1689 உரிமைச் சட்டம், நாடாளுமன்றம் இசையாமல் வரி கிடையாது என்று மன்னரின் கையைக் கட்டியது. அதற்குப் பின், 1694-இல் தொடங்கிய இங்கிலாந்து வங்கிக்கு மக்களே பணம் போட்டு, அரசுக்கு 12 லட்சம் பவுண்டு கடன் திரண்டது. சொன்ன சொல்லைத் தன் இஷ்டத்துக்கு மீற முடியாத அரசின் சொல்லுக்குத்தான் மதிப்பு.

இனி காகிதம். இதில் நீங்கள் பாதி சரி. சோவியத் ஒன்றியத்தின் 1936 அரசியலமைப்பு பேச்சுரிமை தந்தது. நீதிமன்றமோ அரசு வழக்குத்துறையோ சொல்லாமல் யாரையும் கைது செய்யக்கூடாது என்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளில், அவர்களுடைய பதிவேடுகளின்படியே 6 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மரண தண்டனைக்கு ஆளானார்கள். "இதைச் செய்யாதே" என்று அரசிடம் சொல்லிவிட்டு அடுத்த வேளையும் பதவியில் இருக்கக்கூடிய ஒருவர்கூட அந்த அமைப்பில் இல்லை. எழுத்துக்குப் பின்னால் அப்படி ஒரு நாற்காலி வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குத் துணிவும் வேண்டும்.

இந்தியாவில் நாற்காலி இருந்தும் பெரும்பான்மை நீதிபதிகளுக்குத் துணிவில்லாமல் போன நாளும் உண்டு. 1975 ஜூனில் அவசரநிலையை அறிவித்தது, 1971-இல் அமோக வெற்றி பெற்று வந்த அரசுதான். விசாரணை இல்லாமல் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். உச்ச நீதிமன்ற விசாரணையில் நீதிபதி எச்.ஆர்.கன்னா அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் கேட்டார்: ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூடப் பரிகாரம் கிடையாதா? அவசரநிலை இருக்கும்வரை கிடையாது என்று பதில் வந்தது. அதைக் கேட்டும், 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் தீர்ப்பெழுதினார்கள். மறுத்து எழுதியவர் கன்னா ஒருவர்தான். சில மாதங்களில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது. அவர் ராஜினாமா செய்தார். அந்த ஆண்டு நடக்க வேண்டிய மக்களவைத் தேர்தலும் நடக்கவில்லை. அவையின் ஆயுளை அவையே நீட்டிக்கொண்டது.

தேர்தல் 1977 மார்ச்சில் வந்தது, ஆட்சி மாறியது. புதிய பிரதமர் மொரார்ஜி தேசாய் உட்பட அந்த அரசில் பலர் அவசரநிலையில் சிறையில் இருந்தவர்கள். இப்போது அதே அதிகாரம் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. பழைய ஆட்சியாளர்களை அதைக் கொண்டே அவர்கள் அடைத்திருக்கலாம். 1978-இல் 44-ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள்: அவசரநிலையே இருந்தாலும், உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21-ஆவது பிரிவை நாட இனி எந்த அரசும் தடை போட முடியாது. எந்த அரசும் என்றால், அதைக் கொண்டுவந்த அவர்களுடைய அரசும் சேர்த்துத்தான்.

அன்புடன்.