பிரசவத்துக்குப் பிறகு வந்த வலிப்பு

கேள்வி: ஒன்பதாம் மாதத்தில் பிரஷர் ஏறியதால் என் தங்கைக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, ஐந்தாம் நாள் கடுமையான தலைவலி, கண் தெரியவில்லை என்றாள், அடுத்து வலிப்பு வந்துவிட்டது. மூளையின் பின்பக்கம் வீக்கம் என்று ஸ்கேனில் சொன்னார்கள். இப்போது பார்வை வந்துவிட்டது. இது காக்காய் வலிப்பா? ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது காக்காய் வலிப்பு மாதிரி தெரியவில்லை. கர்ப்பகால ரத்த அழுத்தத்தால் வரும் எக்லாம்ப்சியா என்ற வலிப்பு, கூடவே 'பிரெஸ்' என்று நாங்கள் சொல்லும் மூளை வீக்கம். பிரஷர் தாறுமாறாக ஏறி, ரத்தக் குழாயின் உள்சுவரும் பழுதாகும்போது, நீர் கசிந்து மூளைத் திசுவில் தேங்குகிறது. பின்பக்க மூளைதான் இதில் அதிகம் அடிபடும். பார்வையைப் புரிந்துகொள்ளும் இடம் அதுதான் என்பதால், கண் நன்றாக இருந்தும் எதிரே இருப்பது தெரியாமல் போகிறது. பிரஷரைச் சீக்கிரம் இறக்கினால் பெரும்பாலானவர்களுக்கு சில நாட்களில், சில வாரங்களில் சரியாகிவிடும். வலிப்பு மாத்திரையும் பொதுவாகக் கொஞ்ச காலத்துக்குத்தான். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், நரம்பியல் மருத்துவர் சொல்லட்டும்.

குழந்தை பிறந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைக்கிறோம் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிரஷர் மறுபடி ஏறலாம், ஆறு வாரம் வரை கண்காணிப்பு தேவை. அந்தச் சமயத்தில் தலைவலி என்றால் தூக்கமில்லை, முதுகில் போட்ட ஊசி என்று ஏதாவது காரணம் சொல்லி படுக்க வைத்துவிடுகிறார்கள். முதலில் பிரஷர் பாருங்கள்! 160/110 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தலைவலியோடு கண் மங்கல், மேல்வயிற்று வலி, குழப்பமான பேச்சு இருந்தால் அளவு குறைவாக இருந்தாலும் போய்விடுங்கள். ஒரு பக்கம் கை கால் விழுந்தால் பக்கவாதம், மூளையில் ரத்தக்கசிவாகவும் இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. வலிப்பு வந்தால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் மெக்னீசியம் சல்பேட் ஊசி போடுவார்கள், இந்த வலிப்புக்கு மற்ற மருந்துகளைவிட அதுதான் நன்றாகக் கேட்கும்.

அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும்போது இந்த டிஸ்சார்ஜ் சீட்டையும் ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், பன்னிரண்டாம் வாரத்திலிருந்தே குறைந்த அளவு ஆஸ்பிரின் தர வேண்டியிருக்கும். அப்புறம், இப்போது பிரஷர் இறங்கிவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது பார்த்துக்கொள்ளட்டும், இவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.