நாலேகால் பஸ்

கேள்வி: கூடலூர் பக்கம் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளிக்கு நான் முதல்வராக வந்து மூன்று வருடம் ஆகிறது. காலை வழிபாட்டில் தினமும் பத்து நிமிடம் தன்னம்பிக்கை பற்றிப் பேசுகிறேன். மாதம் ஒருவருக்கு 'சிறந்த ஆசிரியர்' விருது தருகிறேன். போன ஜூலையில் கோவையிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்துப் பயிற்சியும் வைத்தேன். இரவு ஏழு மணி வரை பள்ளியில் இருந்து நானே முன்மாதிரியாக நடக்கிறேன். ஆசிரியர்களோ நாலு பத்துக்கு மணி அடித்ததும் பையைத் தூக்குகிறார்கள். பத்தாம் வகுப்புக்கு மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் என்றால் முகம் சுருங்குகிறது. மழைக்காலத்தில் சிலர் பாடமே நடத்தாமல் போர்டில் எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். வருடத்துக்கு ஐந்தாறு பேர் வேலையை விட்டுப் போகிறார்கள். பிள்ளைகளும் அப்படித்தான். ஜூன், ஜூலையில் வருகை பாதியாகிறது. சீருடை விஷயத்தில் கண்டிப்பாக இருந்தும் ஒழுங்கு வரவில்லை. தலைமைப் பண்பு பற்றி இவ்வளவு படித்தும் இவர்களுக்கு ஊக்கம் ஊட்ட முடியவில்லையே, எங்கே தவறுகிறேன்?

பெயர் வெளியிட விரும்பாத முதல்வர், நீலகிரி மாவட்டம்
(நான்கு பக்கக் கடிதம், இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம்.)

பதில்: ஐயா, சுருக்காத கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான்கு பக்கத்தில் ஓர் ஆசிரியரின் பெயர்கூட இல்லை. விருது வாங்கியவர்களின் பெயரும் இல்லை. எழுதியிருந்தாலும் நாங்கள் அச்சிட்டிருக்க மாட்டோம், அது வேறு விஷயம். ஆனால் மூன்று வருடம் கூட வேலை பார்த்தவர்களைப் பற்றி எழுதும்போது ஒரு பெயராவது கைதவறி வந்து விழாதா? பேச்சாளரின் பெயர் மட்டும் மூன்று இடத்தில், பட்டங்களோடு வருகிறது.

சரி, அந்த நாலு பத்துக்கு வருவோம். மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஆசிரியைகளில் பாதிப் பேர் பந்தலூர், எருமாடு, சேரம்பாடி பக்கமிருந்து வருகிறார்கள், 'நாலேகால் பஸ்ஸைச் சாக்குச் சொல்கிறார்கள்'. சாக்கா? பந்தலூர் போகிற வழியில் இருக்கும் தேவாலா தமிழ்நாட்டிலேயே அதிக மழை வாங்கும் ஊர்களில் ஒன்று. அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் சாயங்காலம் ஐந்தரைக்கே வீட்டில் விளக்குப் போட வேண்டும். எந்தத் தோட்டத்து ஓரத்தில் யானை நிற்கிறது என்று போனில் விசாரித்துக்கொண்டுதான் ஆட்கள் வீடு திரும்புகிறார்கள். நாலேகாலை விட்டால் அடுத்த பஸ் எப்போது, அது எருமாடு வரை போகுமா, இறங்கிய பிறகு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், இதையெல்லாம் இந்த மூன்று வருடத்தில் ஒருவரிடமாவது கேட்டீர்களா? ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வீட்டுக்குப் போகிற பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதே இருட்டு, அதே யானைதான்.

நீங்கள் ஏழு மணி வரை இருப்பது உண்மை. உங்கள் குவார்ட்டர்ஸ் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருப்பதும் உண்மை, முதல் பக்கத்தில் நீங்களே எழுதியது. நூறடி நடந்தால் வீடு, சூடாக ஒரு டம்ளர் காப்பி. இதை முன்மாதிரி என்று சொன்னால் ஸ்டாஃப் ரூமில் சிரிப்பார்கள், நீங்கள் இல்லாத நேரத்தில்.

பத்தாம் வகுப்புக்கு நேரம் போதவில்லை என்றால் அது உங்களிடமே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வகுப்பு வரை வருடத்துக்கு 220 வேலைநாள் என்று வைத்திருக்கிறது. அதே கணக்கைப் பத்தாம் வகுப்புக்கும் போட்டுப் பார்த்தேன். நாளுக்குப் பத்து நிமிடம் உங்கள் தன்னம்பிக்கைப் பேச்சு. ஆக 2,200 நிமிடம். 45 நிமிடப் பீரியடாக வகுத்தால் கிட்டத்தட்ட 49 பீரியட். அந்த 49 பீரியடைக் கணக்கு டீச்சருக்கும் அறிவியல் டீச்சருக்கும் பங்கு போட்டுக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு உட்கார்ந்து படித்த மாதிரியும் இருக்கும், ஈரத் தரையில் நின்று கேட்காத மாதிரியும் இருக்கும்.

மழைக்காலத்தில் எழுதிப் போட்டுவிட்டு உட்காருகிறவர்களைப் பற்றி உங்களுக்கு நிறையக் கோபம். ஒன்று கேட்கிறேன், அந்த வகுப்பறைகளின் கூரை என்ன? நீங்கள் எழுதவில்லை, நானே ஊகிக்கிறேன்: தகரம். நான் குன்னூர்ப் பக்கம் ஏழாம் வகுப்பு வரை அப்படி ஒரு கூரைக்குக் கீழேதான் படித்தேன். ஐப்பசி மழை பிடித்தால் வாத்தியாரின் வாய் அசைவது தெரியும், குரல் வராது. எங்கள் கணக்கு வாத்தியார் ஒரு வருடம் கத்திப் பார்த்தார். தொண்டை போய், தீபாவளிக்குப் பிறகு ஒரு மாதம் அவர் சைகையில்தான் பேசினார். அடுத்த வருடம் மழை என்றால் போர்டு, சாக்பீஸ், நாற்காலி. எங்கள் ஹெச்.எம். அவரைக் கூப்பிட்டுக் கண்டித்ததாக நினைவில்லை. மே மாத லீவு முடிந்து போனபோது தகரத்துக்குக் கீழே பலகை அடித்திருந்தது. அந்த ஹெச்.எம். பேசிய பேச்சில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகமில்லை, அந்தப் பலகையின் வார்னிஷ் வாசனை ஞாபகம் இருக்கிறது. கோவைப் பேச்சாளருக்கும் அவர் தங்கிய ரிசார்ட்டுக்கும் கொடுத்த காசில் ஒரு வகுப்பறைக்காவது சீலிங் அடித்திருக்கலாம்.

விருதைப் பற்றி. 1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்று மூன்று உளவியலாளர்கள் ஒரு நர்சரிப் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனா கிடைத்தால் தானாகவே படம் வரைய உட்காரும் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்தார்கள். ஒரு கூட்டத்திடம் 'வரைந்தால் சான்றிதழ்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லாமல் வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து வகுப்பில் மறுபடி பேனாக்களை வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள்தான் அதைக் குறைவாகத் தொட்டார்கள்; மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான். சின்னப் பிள்ளைகளிடம் கண்டதை நாற்பது வயது ஆசிரியர்மேல் அப்படியே ஏற்ற முடியாதுதான். ஆனால் ஆசையாகச் செய்துகொண்டிருந்ததற்கு விலை ஒட்டினால் ஆசை குறையும் என்பதை நானும் பார்த்திருக்கிறேன். இந்த அலுவலகத்தில் சில வருடம் முன்பு 'இந்த மாதச் சிறந்த கட்டுரை' என்று ஒரு பரிசு வைத்தேன். மூன்றாம் மாதம் எங்கள் பிழைதிருத்துநர் வந்து, "அண்ணே, எனக்கு எந்தக் கட்டுரைக்குத் தருவீங்க?" என்று கேட்டார். பரிசு வாங்கிய கட்டுரை உட்பட அத்தனையையும் மனிதர் வரிவரியாகச் சீர் செய்திருந்தார். அந்த மாதத்தோடு பரிசை நிறுத்தினேன். அவரிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

ஐந்தாறு பேர் விட்டுப் போகிறார்கள் என்கிறீர்கள். எங்கே போகிறார்கள்? சம்பளம் மாதம் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது? 'ஊதியம் நிர்வாகத்தின் பொறுப்பு' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். பத்துத் தேதி தாண்டிச் சம்பளம் வாங்குகிறவர் காதில் 'உன்னை நம்பு' என்று சொன்னால் என்ன விழும்? நிர்வாகம் சொல்வதை ஆசிரியர்களிடம் வருடம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். ஆசிரியர்கள் சொல்வதை நிர்வாகத்திடம் ஒரு தடவையாவது கொண்டுபோனீர்களா? போனால் உங்கள் வேலைக்கும் ஆபத்து வரலாம், தெரியும். முதல்வர் நாற்காலிக்குக் கூடுதல் சம்பளம் அதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்கு உங்கள்மேல் உண்மையாகவே வருத்தம். நிறச் சட்டையில் வந்தவர்களை முதல் பீரியட் முழுக்க வராந்தாவில் நிற்கவைத்ததைச் சாதனைப் பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள். ஆடி மாதத்தில் கூடலூரில் நனைந்த துணி எத்தனை நாளில் காயும்? இரண்டு செட் சீருடை வைத்திருக்கிற வீட்டில் ஒன்று உடம்பில் நனைகிறது, ஒன்று அடுப்புக்கு மேல் கொடியில் புகை குடிக்கிறது. இரண்டும் ஈரமான அன்று அந்தப் பிள்ளைக்கு இரண்டே வழி, நிறச் சட்டையில் வரலாம் அல்லது வராமல் இருக்கலாம். வந்ததற்கு வராந்தா என்றால் மறுநாள் வருமா? வருகை பாதியானதற்கு மழையை மட்டும் குறை சொல்லாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பிள்ளைகளை அடிப்பதோடு சேர்த்து மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது, அதையும் ஒருதடவை படித்துவிடுங்கள். தேயிலைக் கொழுந்து நிறைய வரும் நாட்களில் அம்மா தோட்டத்துக்குப் போக, மூத்த பிள்ளை கடைக்குட்டியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நிற்பதும் உண்டு. அதற்குத் தன்னம்பிக்கை மருந்தல்ல. வகுப்பாசிரியர் ஒரு நடை வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவது சில நேரம் உதவும். அதற்கும் பஸ் வேண்டும், பள்ளி நேரத்தில் ஒரு பீரியட் விடுதலையும் வேண்டும்.

இந்த மாநிலத்தில் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்தது எது? 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் போட்ட சிற்றுண்டி, 1956-ல் காமராஜர் ஆட்சியின் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் காலை உணவு. பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்குப் பசி என்று பதில் கிடைத்தது, சோறு போட்டார்கள். நீங்களும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பள்ளியில் பதில் 'காயாத சட்டை' என்று வரலாம். மழை மாதங்களில் நிறச் சட்டைக்கு அனுமதி என்று ஒரு சுற்றறிக்கை போதும், செலவு ஒரு தாள்.

இன்னொரு சந்தேகம். நீங்கள் எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறீர்கள்? கடிதத்தில் இல்லை. எடுக்கவில்லை என்றால் வாரம் நாலு பீரியட், ஒன்பதாம் வகுப்பில், கடைசிப் பீரியடாகப் பார்த்து, தகரக் கூரை உள்ள அறையாகப் பார்த்து எடுங்கள்.

இத்தனை கடுமையாக எழுதக் காரணம், நீங்கள் கேட்டீர்கள். பெரும்பாலான முதல்வர்கள் எங்களுக்கு அனுப்புவது ஆண்டுவிழாப் புகைப்படம் மட்டும்தான். ஆகவே நீங்கள் செய்வீர்கள் என்ற நம்பிக்கையில் ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த வாரம் மழை பெய்கிற ஒரு நாளாகப் பார்த்து, மணி அடித்ததும் ஆசிரியைகளோடு சேர்ந்து நீங்களும் நாலேகால் பஸ்ஸில் ஏறி எருமாடு வரை போங்கள். நின்றுகொண்டு. ஏறும்போதே கண்டக்டரிடம் திரும்பி வர பஸ் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.