ஆச்சரியம் பெட்டிக்குள் இருக்கட்டும், சுங்கப் படிவத்தில் வேண்டாம்

கேள்வி: சிங்கப்பூரின் தெம்பனிசில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாகப் புதைபடிவங்கள் சேர்க்கிறேன். பெரும்பாலும் மொரோக்கோ சுறாப்பற்களும் மடகாஸ்கர் அம்மோனைட்டுகளும் (சுருள் ஓடுள்ள பழங்காலக் கடலுயிரிகள்)தான். இங்கிலாந்தில் இருக்கும் சேகரிப்பாளர் ஒருவரும் நானும், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமலே ஆளுக்கொரு பெட்டி அஞ்சலில் அனுப்பிக்கொள்ளலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 60 வெள்ளி மதிப்பு. எப்படிக் கட்டுவது? சுங்கப் படிவத்தில் என்ன எழுதுவது? எதை அனுப்பக் கூடாது? அவர் அனுப்புவது இங்குள்ள ஈரத்தில் கெட்டுவிடாதா?

பதில்: படிவத்திலிருந்தே தொடங்குவோம். ரகசியம் உங்கள் நண்பரிடம் மட்டும்தான், சுங்கத்திடம் கிடையாது. 60 வெள்ளிப் பெட்டிக்கு சிஎன்22 என்ற சிறிய படிவம் போதும். அதில் ‘சர்ப்ரைஸ் பாக்ஸ்’, ‘ஸ்டோன்ஸ்’, ‘ஸ்பெசிமன்ஸ்’ என்றெல்லாம் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. பெட்டியைத் திறந்து பார்ப்பார். திறந்தவர் நீங்கள் கட்டிய மாதிரியே திருப்பிக் கட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது. வெறும் ‘டீத்’ என்று போட்டால் அது விலங்குப் பல்லாகிவிடும். ‘ஃபாசில் ஷார்க் டீத், 5’, ‘ஃபாசில் அம்மோனைட், 2’ என்று வகையும் எண்ணிக்கையும் எழுதுங்கள். சேகரிப்புப் பொருள்களுக்கான சுங்கக் குறியீடு 9705 என்று தொடங்கும், அதையும் போடுங்கள். எந்த நாட்டில் கிடைத்தது என்று கேட்கும் கட்டத்தில் சிங்கப்பூர் என்று எழுதிவிடாதீர்கள். மடகாஸ்கர் அம்மோனைட்டுக்கு மடகாஸ்கர்தான்.

படிவம் பெட்டியின் மேலேயே ஒட்டப்படுவதால் நண்பர் கண்ணில் பட்டுவிடுமே என்று தோன்றும். பட்டாலும் பரவாயில்லை. அம்மோனைட் என்று தெரிந்தால் போதுமா? எந்த இனம், எந்தப் பாறை அடுக்கு, எத்தனை கோடி ஆண்டுப் பழையது என்பதில்தான் ஒரு சேகரிப்பாளருக்குச் சுவையே இருக்கிறது. அதை எப்படி மறைத்து வைப்பது என்று கீழே சொல்கிறோம்.

மதிப்பு கட்டத்தில், காசு கைமாறவில்லை என்பதற்காக 1 வெள்ளி என்று எழுதக் கூடாது. அது பொய் அறிவிப்பு. பெட்டி தொலைந்தால் இழப்பீடும் அந்த ஒரு வெள்ளிக்குத்தான். சந்தையில் என்ன விலை போகுமோ அதை எழுதுங்கள். ‘பரிசு’ என்ற கட்டத்தில் குறியிடத் தோன்றும். பிரிட்டனில் தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசுக்கு 39 பவுண்டு வரை இறக்குமதி வரி இல்லை. உங்கள் 60 வெள்ளியும் அதற்குள்தான் வரும். ஆனால் பதிலுக்கு ஒரு பெட்டி வாங்கிக்கொள்கிறீர்களே, அதைப் பரிசு என்பது சரியாகாது. ‘மற்றவை’யில் குறியிட்டு, ‘சேகரிப்பாளர் பரிமாற்றம், விற்பனை அல்ல’ என்று ஆங்கிலத்தில் எழுதுவதே நேர்மை. அங்கே அவரிடம் வரியும் கையாளும் கட்டணமும் கேட்கக்கூடும். அதை யார் ஏற்பது என்று இப்போதே பேசிவிடுங்கள். பின்னால் அமெரிக்க நண்பர் கிடைத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 800 அமெரிக்க டாலர் வரை வரியில்லை என்ற பழைய சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது.

இங்கே வரும் பெட்டிக்குக் கணக்கு எளிது. அஞ்சலில் வரும் பொருளின் மதிப்பு, அனுப்பும் செலவு, காப்புறுதி மூன்றும் சேர்ந்து 400 வெள்ளியைத் தாண்டாவிட்டால் இறக்குமதிக்குப் பொருள் சேவை வரி இல்லை. தாண்டினால் முழுத் தொகைக்கும் 9 விழுக்காடு.

அடுத்து, எதை அனுப்பக் கூடாது. நம் ஊரில் புதைபடிவம் பொறுக்குவது அரிது. இங்குள்ள சேகரிப்புகள் ஏறக்குறைய எல்லாமே வேறு நாட்டில் எடுத்து, யாரிடமோ வாங்கி, இரண்டாம் கை மூன்றாம் கையாக வந்தவை. அதனால் முதல் நாட்டின் சட்டம் அந்தக் கல்லோடேயே பயணம் செய்கிறது. பிரேசிலில் 1942 முதலே புதைபடிவங்கள் அரசின் சொத்து. மங்கோலியாவிலும் அவை அரசின் சொத்துதான். ஆஸ்திரேலியாவில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியே அனுப்ப அனுமதி தேவைப்படலாம். அமெரிக்காவில் தனியார் நிலத்தில் கிடைப்பது நில உரிமையாளருக்குச் சொந்தம். நம் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தின் மூன்று டைனோசார்களும் வயோமிங் மாநிலத்தின் ஒரு குவாரியிலிருந்து வந்தவை. அமெரிக்கக் கூட்டரசு நிலத்திலோ முதுகெலும்புள்ளவற்றின் எச்சங்களை அனுமதியின்றி எடுக்க 2009ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே டைனோசார் எலும்புத் துண்டு ஒன்று உங்களிடம் இருந்து, எந்த நிலத்தில் எடுத்தது என்று தெரியாவிட்டால், அதைப் பெட்டியில் போடாதீர்கள்.

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் வழியாக வருவதிலும் கவனம் வேண்டும். அரியலூர் வட்டாரம் டைனோசார்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியாக இருந்தது, அம்மோனைட்டுகளுக்குப் பெயர்போனது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. திருவக்கரையில் கல்மரப் பூங்காவே இருக்கிறது. கல்மரங்கள் உள்ள இவ்விரண்டும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். இந்த மூன்று இடங்களிலிருந்தும் விடுமுறையில் பையில் வந்த சிறு துண்டுகூடப் பரிமாற்றத்துக்கு உரியதல்ல. வீட்டுப் பூசையில் இருக்கும் சாளக்கிராமமும் நேபாளத்தின் காளிகண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட்தான். வெளிநாட்டவர் சிலர் ஆசையாகக் கேட்பார்கள். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

புதைபடிவமே அல்லாத சில பொருள்களும் பெட்டியை மாட்டிவிடும். ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று அம்மோனைட்டோடு இன்றும் வாழும் நாட்டிலஸ் என்ற கடலுயிரியின் ஓடு ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். 2017 ஜனவரி முதல் நாட்டிலஸ், அழிந்துவரும் உயிரின வணிக ஒப்பந்தமான சைட்டிசின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதற்கு அனுமதி வேண்டும். இங்கே அந்த அனுமதியைப் பார்த்துக்கொள்வது தேசியப் பூங்காக் கழகம். கல்லான பவளத்துக்கு விலக்கு உண்டு. ராட்சதச் சிப்பிக்கு, ஓடு எவ்வளவு பழையதானாலும், அப்படியொரு விலக்கு இல்லை. அழிந்துபோன மாமத் என்ற ரோம யானையின் தந்தம் வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்த விற்பனைக்குத் தடை. மாமத் தந்தத்தையும் யானைத் தந்தத்தையும் வெறும் கண்ணால் பிரிப்பது கடினம். ஒட்டுக்கரைசலுக்கான அசிட்டோன் புட்டி தீப்பற்றும் பொருள். லித்தியம் மின்கலம் உள்ள புறஊதா டார்ச்சும் சிக்கல். இரண்டையும் அவரவர் ஊரில் வாங்கிக்கொள்ளட்டும். மியன்மார் ஆம்பரை (கல்லான மரப்பிசின்) தவிர்க்கும்படியும் சொல்வோம். அங்குள்ள மோதலோடு அந்தச் சுரங்கங்களுக்குள்ள தொடர்பு காரணமாகவே முதுகெலும்பித் தொல்லுயிரியல் சங்கம் 2020ல் ஆய்விதழ்களுக்குக் கடிதம் எழுதியது.

இனி கட்டும் வேலை. சிறு பார்சலின் உச்ச எடை 2 கிலோ. நீளம், அகலம், உயரம் கூட்டினால் 90 செண்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 20×15×10 செண்டிமீட்டர் உள்பெட்டியை 30×25×20 வெளிப்பெட்டியில் வைத்தால் எல்லாப் பக்கமும் 5 செண்டிமீட்டர் மெத்தை கிடைக்கும், கூட்டல் 75தான். அட்டையும் மெத்தையும் அரை கிலோவை எடுத்துக்கொள்ளும் என்று வைத்து, கற்களை 1.2 கிலோவில் நிறுத்துங்கள். ஆறேழு உருப்படி போதும். பதினைந்து திணித்தால் ஒன்றையொன்று இடிக்கும். பெறுபவரும் ஒவ்வொன்றாகப் பார்த்து ரசிக்க முடியாது.

பெட்டி விழும்போது உள்ளே இருப்பதில் மிகக் கனமானதுதான் சுத்தியல். 400 கிராம் உருண்டைக் கல் ஒன்று அசைந்தால் பக்கத்திலிருக்கும் சுறாப்பல்லின் வேரை உடைத்துவிடும். ஆகவே கனமானது அடியில், தனி அறையில். பற்கள் மேலே, சிறு பிளாஸ்டிக் டப்பாவில். எதையும் முதலில் அமிலமற்ற டிஷ்யூவில் சுற்றி, அதன்மேல் பபிள் ராப். கப்பலிலும் கிடங்கிலும் சூடேறும்போது பபிள் ராப்பை நேரடியாகச் சுற்றியிருந்தால் மெருகூட்டிய அம்மோனைட்டின் மேல் வட்ட வட்டமாகத் தடம் விழும்.

பஞ்சு கூடாது. ட்ரைலோபைட் என்ற அழிந்துபோன கடலுயிரியில் முள்ளுள்ள வகையின் முட்களில் இழை சிக்கி, அவிழ்க்கும்போது முள்ளும் சேர்ந்து வந்துவிடும். அதற்கு வேறு வழி: 4 செண்டிமீட்டர் தடித்த நுரைப்பலகையில் பாறைத்துண்டு மட்டும் இறுக்கமாகப் பொருந்தும்படி குழி வெட்டுங்கள். முட்களுக்குமேல் விரல் நுழையுமளவு வெற்றிடம் இருக்கட்டும். மேலே இன்னொரு நுரைப்பலகையை வைத்து ரப்பர் வளையம் போடுங்கள். முள்ளை எதுவும் தொடவே கூடாது.

மூடியதும் உள்பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சின்ன ‘டக்’ சத்தம் கேட்டாலும் பிரித்து மறுபடி அடையுங்கள். செய்தித்தாள் உருண்டைகள் வழியில் அமுங்கி இடம்விடும். மை வெளிர்ந்த எலும்பில் ஒட்டும். மண்ணையும் கழுவிக் காயவையுங்கள். பல நாடுகள் வெளிநாட்டு மண்ணை உள்ளே விடுவதில்லை.

ஆச்சரியத்துக்கு வருவோம். ஒவ்வொரு உருப்படியின் டப்பாவிலும் எண் மட்டும் இருக்கட்டும். விவரச் சீட்டை இரண்டாக மடித்து, வெளியே அதே எண்ணை எழுதி, தனித்தனி ஜிப் பையில் போடுங்கள். அவர் முதலில் கல்லைப் பார்த்து ஊகிப்பார், பிறகு சீட்டை விரிப்பார். சீட்டில் இப்படி இருக்கலாம்: “4. ஓட்டோடஸ் ஆப்ளிக்வஸ், சுறாப்பல். கூரிப்கா பாஸ்பேட் படுகை, மொரோக்கோ. பேலியோசீன் – இயோசீன். கடையில் வாங்கியது, 2023. வேரில் ஒட்டு உண்டு.” பென்சிலில் எழுதுங்கள், ஈரம் பட்டால் மைப்பேனா எழுத்து பரவும். இடம் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். ஊகித்த ஊர்ப்பெயர் சீட்டில் ஏறிவிட்டால் அடுத்த சேகரிப்பாளர் அதை உண்மையென்று நம்பிவிடுவார்.

ஒட்டு இருக்கிறதா என்று உங்களுக்கே ஐயமிருந்தால் இருட்டில் புறஊதா விளக்கடியில் பிடியுங்கள். பல பசைகள் நீலவெள்ளையாக ஒளிரும், பாறை பெரும்பாலும் அப்படி ஒளிராது. மொரோக்கோப் பற்களில் மணலும் பசையும் குழைத்துச் செய்த வேர்கள் நிறைய வருகின்றன. 10 மடங்கு லென்சில் பார்த்தால் வேரில் சிறு காற்றுக்குமிழிகள் தெரியும். அதை மறைத்து அனுப்புவதைப்போல ஒரு நட்பைக் கெடுப்பது வேறில்லை.

கட்டுவதற்குமுன் ஒவ்வொன்றையும் அளவுகோலோடு படமெடுத்து வையுங்கள். உடைந்தால் இழப்பீடு கேட்க அது தேவை; பெட்டி சேரும்வரை நண்பருக்கு அனுப்ப வேண்டாம்.

கடைசிக் கேள்விதான் சிங்கப்பூர்க்காரருக்கு மிக முக்கியம். இங்கிலாந்துக் கடற்கரைகளில், குறிப்பாக சார்மத்திலும் ஷெப்பித் தீவிலும், பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) ஆக மாறிய புதைபடிவங்கள் ஏராளம். தங்கம்போல் மின்னும், பார்த்தால் விட மனம் வராது. ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் பைரைட் காற்றோடு வினைபுரிந்து சிதையும். நம் ஊரின் சராசரியே 80க்கு மேல். முதலில் அம்மோனைட்டின் வரிகளுக்கிடையே வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ மாவுபோலப் பூக்கும். கந்தக வாடை வரும். கூடவே உருவாகும் கந்தக அமிலம் அடியிலுள்ள சீட்டைப் பழுப்பாக்கி, மடிப்பில் விரல் பட்டாலே உதிரவைக்கும். பிறகு ஒருநாள் கல்லே பிளந்து கிடக்கும். இது கிருமியால் வரும் நோய் என்று முன்பு நம்பினார்கள், வெறும் வேதிவினைதான். ஆனால் அமிலம் பக்கத்திலிருப்பதையும் அரிக்கும்.

ஆகவே நண்பரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: பைரைட் வேண்டாம், சுண்ணாம்புக் கல்லாக மாறியதை அனுப்புங்கள் என்று. இங்கிலாந்தின் விட்பியில் கிடைக்கும் டாக்டிலியோசெராஸ் அம்மோனைட், தடித்த கிரைஃபியா சிப்பி போன்றவை பயணத்தையும் நம் காற்றையும் பொதுவாகத் தாங்கும். கடற்கரையில் பொறுக்கியதாக இருந்தால் உப்பு போக நல்ல தண்ணீரில், தினமும் நீரை மாற்றி, சில வாரம் ஊறவைத்துக் காயவைத்திருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பைரைட் வந்துவிட்டால், இறுக்க மூடும் 1 லிட்டர் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் 30 கிராமோடு வையுங்கள். ஆரஞ்சு நிறம் மாறியதும் ஜெல்லை ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். கேமராவுக்கு வாங்கிய ட்ரை கேபினெட் வீட்டில் இருந்தால் 40 முதல் 50 விழுக்காட்டில் வைப்பது இன்னும் வசதி.

வந்த பெட்டி எதுவானாலும் முதல் இரண்டு வாரம் மற்றவற்றோடு கலக்க வேண்டாம். கறுப்புத் தாளின்மேல் தனியாக வையுங்கள். உதிரும் மாவு அதில் உடனே தெரியும். தாள் சுத்தமாக இருந்தால் அலமாரிக்கு மாற்றிக்கொள்ளலாம்.