கார்த்திகைக்குக் கோள் உண்டா?

அன்புள்ள ஐயா,

விண்மீன் கொத்துகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். "கோள் தேட இதைவிட வசதியான இடம் கிடையாது, ஒரே படத்தில் ஆயிரம் விண்மீன்கள் விழுந்துவிடும்" என்று அதில் எழுதியிருந்தீர்கள். ஆனால் ஹபிள் தொலைநோக்கி ஒரு கொத்தில் 34,000 விண்மீன்களைப் பார்த்தும் ஒரு கோள்கூடச் சிக்கவில்லை என்று வேறோரிடத்தில் படித்தேன். அவ்வளவு வசதியான இடம் என்றால் ஏன் சிக்கவில்லை? நெருக்கடியில் கோள்களே உருவாகாதா, இல்லை, உருவாகிச் சிதறிவிடுமா?

இந்தச் சந்தேகம் வரக் காரணம் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள். தீபத்தன்று மாடியில் அகல் வைத்துவிட்டு, கார்த்திகையைக் காட்டலாம் என்று பார்த்தால் முழுநிலா பக்கத்திலேயே நின்றது. நான்கு நாள் கழித்து நிலா எழும் முன் காட்டினேன். ஆறு எண்ணினாள். "அங்கேயும் பூமி மாதிரி இருக்குமாப்பா?" என்றாள். எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ம., ஆம்பூர்

அன்புள்ள ம.,

மாட்டிக்கொண்டேன். அந்த வரியை யோசிக்காமல் எழுதிவிட்டேன். எனக்கிருக்கும் ஒரே சமாதானம், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வானியலாளர்கள் பலரும் இதே ஆசையோடுதான் கொத்துகளின் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பினார்கள் என்பது.

முதலில் அந்த 34,000. ஹபிள் 1999இல் எட்டு நாளுக்கும் சற்று அதிகமாக உற்றுப் பார்த்தது 47 டுக்கானே என்ற கொத்தை. அது கோள வடிவக் கொத்து. பல லட்சம் கிழட்டு விண்மீன்கள் பந்தாக அடைந்து கிடக்கும் இடம். கார்த்திகை அப்படியல்ல, திறந்த கொத்து. ஒரே வாயு மேகத்தில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பிறந்த சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம் விண்மீன்கள் தளர்வாகச் சேர்ந்து போய்க்கொண்டிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தும் போய்விடும். இரண்டுக்கும் கொத்து என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் வரும் குழப்பம் இது.

ஹபிள் குழு சுமார் 17 கோள்கள் கிடைக்கும் என்று எதிர்பார்த்தது. கிடைத்தது பூஜ்யம். அப்போது அது பெரிய அதிர்ச்சி. விண்மீன்களின் நெருக்கடி காரணமா, இரும்பு போன்ற கனமான தனிமங்கள் அங்கே குறைவாக இருப்பது காரணமா என்றெல்லாம் யோசித்தார்கள். ஆனால் 2017இல், கோள் தேடவென்றே அனுப்பிய கெப்ளர் விண்கலம் தந்த புள்ளிவிவரத்தை வைத்து, அங்குள்ள விண்மீன்கள் சூரியனைவிடச் சிறியவை என்பதையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டபோது, எதிர்பார்க்க வேண்டியிருந்ததே இரண்டு கோள்தான் என்று வந்தது. இரண்டை எதிர்பார்த்து ஒன்றும் கிடைக்காமல் போவதில் அதிசயமில்லை. ஆகவே அங்கே கோள் இல்லை என்று அந்தத் தேடலை வைத்துச் சொல்ல முடியாது.

என் வரியில் இருந்த ஓட்டையும் இதே கணக்குதான். 2012 ஜூனில் வெள்ளி சூரியனைக் கடந்ததைப் பார்த்திருப்பீர்கள். சின்னக் கரும்புள்ளி ஒன்று மெல்ல ஊர்ந்து போயிற்று. அதேபோல் வியாழன் அளவுள்ள கோள் ஒன்று தன் விண்மீனைக் கடந்தால் வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு குறையும். தேடுவது இந்தக் குறைவைத்தான். ஆனால் விண்மீனை ஒட்டிச் சுற்றும் 'சூடான வியாழன்' வகைக் கோள் ஏறக்குறைய நூறு விண்மீன்களில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. அதன் பாதை நம் பார்வைக்கு நேராக அமையும் வாய்ப்பு பத்தில் ஒன்று. ஆக, ஆயிரத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் பகலில் கடந்துவிடலாம், மேகம் மறைத்த இரவில் கடந்துவிடலாம். அரிசோனாவில் 6.5 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு எம் 37 என்ற திறந்த கொத்தை 20 இரவுகள் பார்த்தார்கள். கொத்தைச் சேர்ந்த சுமார் 1,450 விண்மீன்களில் ஒன்றில்கூடக் கோள் தென்படவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே படத்தில் கொத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு விண்மீனுக்குக் கோள் இருக்கலாம் என்று ஓர் அறிகுறி கிடைத்தது.

ஆக, எண்ணிக்கைக்காகக் கொத்துக்குப் போவது வீண். அதற்கு வானத்தில் எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கொத்தின் அருமை வேறு. அது வயது. தனியாகத் திரியும் விண்மீனைப் பார்த்து வயது சொல்வது பெரிய தலைவலி. சூரியன் போன்ற ஒன்று இருநூறு கோடி ஆண்டிலும் அறுநூறு கோடி ஆண்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். கொத்தில் அந்தத் தொல்லை குறைவு. உங்கள் மாடி அகல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்றினீர்கள், தடித்த திரி போட்டவை சீக்கிரம் எண்ணெய் தீர்ந்து அணையும். இடையில் வந்து பார்ப்பவர், எந்தத் தடிமன் வரை அணைந்திருக்கிறது என்பதை வைத்தே ஏற்றி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். எடை மிகுந்த விண்மீன்கள்தான் தடித்த திரி. இப்படிக் கணக்கிட்டுத்தான் கார்த்திகைக்குச் சுமார் 12 கோடி ஆண்டு, ரோகிணியை ஒட்டிய ஹயடஸ் கொத்துக்கு 65 கோடியை ஒட்டி, கடக ராசியில் உள்ள எம் 67க்குச் சுமார் 400 கோடி என்று சொல்கிறார்கள். கொத்தின் வயது தெரிந்தால் அதிலுள்ள கோளின் வயதும் தெரிந்ததாகிறது. இப்படி வெவ்வேறு வயதுக் கோள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு கோள் எப்படி வளர்கிறது என்ற கதை கிடைக்கும்.

கதை நாம் நினைத்தபடி வரும் என்று சொல்ல முடியாது. ஹயடஸில் கே2-25 என்ற சிவப்புக் குள்ள விண்மீனை மூன்றரை நாளுக்கு ஒருமுறை சுற்றும் கோள் ஒன்றை 2016இல் அறிவித்தார்கள். பூமியைப் போல மூன்றரை மடங்கு அகலம். அவ்வளவு சிறிய விண்மீனுக்கு இது கொஞ்சம் அதிகப்படி. இளங்கோள் அல்லவா, வாயுப் போர்வை உப்பியிருக்கிறது, போகப் போக அது கசிந்து இளைத்துவிடும் என்று நினைக்க நல்ல இடமிருந்தது. 2020இல் டெக்சாஸிலிருந்து அதன் எடையை அளந்தால், பூமியைப் போல 25 மடங்கு! உப்பிய பலூன் என்று எதிர்பார்த்த இடத்தில் கெட்டியான குண்டு. எனக்கு இந்தத் துறையில் பிடித்த செய்திகளில் இது ஒன்று.

நெருக்கடி பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில் என்ஜிசி 6811 என்ற கொத்தில் இருக்கிறது. அதன் வயது நூறு கோடி ஆண்டு. அதிலுள்ள 377 விண்மீன்களைக் கெப்ளர் விண்கலம் ஆண்டுக்கணக்கில் கண்கொட்டாமல் பார்த்தது. கெப்ளர்-66, கெப்ளர்-67 என்ற இரண்டு விண்மீன்களைச் சுற்றி, பூமியைப் போல மூன்று மடங்குக்குச் சற்றே குறைவான அகலமுள்ள கோள்களைக் கண்டுபிடித்தார்கள். 2013இல் வெளிவந்தது. தனி விண்மீன்களுக்கு இருக்கும் விகிதத்தோடு இது ஒத்துப்போகிறது. ஆக, கொத்தில் கோள்கள் உருவாகின்றன, பிழைத்தும் இருக்கின்றன. பஞ்சாங்கம் பூசம் என்று சொல்லும் இடத்தில் உள்ள தேன்கூட்டுக் கொத்திலும் 2012இல் இரண்டு சூடான வியாழன்கள் கிடைத்தன. எம் 67இல் இவ்வகைக் கோள்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்றுகூட ஒரு குழு சொல்கிறது. கையில் இருப்பது மூன்றே கோள், அதனால் நான் அவசரப்பட மாட்டேன். என்ஜிசி 2423 என்ற கொத்தில் 2007இல் அறிவித்த ஒரு கோளையே, கோள் இழுத்து விண்மீன் ஆடுகிறது என்று நினைத்தது விண்மீனின் சொந்த ஆட்டமாக இருக்கலாம் என்று 2018இல் சந்தேகப்பட்டார்கள்.

சரி, கார்த்திகை. உங்கள் மகள் எண்ணிய ஆறும் எடை மிகுந்த நீல விண்மீன்கள். பெரும்பாலும் படுவேகமாகச் சுழல்பவை. கோள் இழுப்பதால் விண்மீன் முன்னும் பின்னும் அசைவதை, அதன் ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகளை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். இவ்வளவு வேகமாகச் சுழன்றால் அந்தக் கோடுகள் பட்டையாக இழுபட்டு மங்கிவிடும். கோள் இருந்தாலும் காட்டிக்கொடுக்காது. கண்ணுக்குத் தெரியாமல் அங்கே இன்னும் ஆயிரம் விண்மீன்கள் இருக்கின்றன, சூரியன் போன்றவையும் உண்டு. ஆனால் எல்லாம் துடிப்பான இளவட்டம். சூரியன் ஒருமுறை சுழல 25 நாள் ஆகிறது, இவை பெரும்பாலும் சில நாளில் சுழன்றுவிடும். உடம்பெல்லாம் பெரிய பெரிய கரும்புள்ளிகள், வெளிச்சம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பூமி அளவுள்ள கோள் மறைப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. திருவிழா மேளத்துக்கு நடுவே கைக்கடிகாரச் சத்தத்தைக் கேட்கப் போவது போல. கெப்ளர் 2015இல் கார்த்திகையை இரண்டு மாதத்துக்கு மேல் பார்த்தது, உறுதியாகச் சொல்லும்படி எதுவும் சிக்கவில்லை.

ஆனாலும் வெறுங்கையோடு போக வேண்டாம். எச்டி 23514 என்று ஒரு விண்மீன் அங்கே இருக்கிறது, ஏறக்குறைய சூரியன் போன்றது. அதைச் சுற்றி, நம் சூரியனைச் சுற்றி இருப்பதைப் போல லட்சக்கணக்கான மடங்கு தூசி. தூசி சூடாக இருப்பதால் விண்மீனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாறை உருண்டைகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கினால்தான் இவ்வளவு தூசி வரும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 'பூமி மாதிரி இருக்குமா' என்று கேட்டால், பூமி மாதிரி எதையோ செய்துகொண்டிருக்கிறார்கள், இன்னும் முடிக்கவில்லை என்று மகளிடம் சொல்லலாம்.

அப்புறம் ஒன்று. கார்த்திகைக்குக் கீழே சிவப்பாக மின்னுவது ரோகிணி. அதை ஒரு முனையாக வைத்து, ஆங்கில 'வி' எழுத்தைக் கவிழ்த்தது போல விண்மீன்கள் தெரியும். அதுதான் ஹயடஸ் கொத்து. ரோகிணி அதில் சேர்த்தி இல்லை, 65 ஒளியாண்டில் குறுக்கே நிற்கிறது, கொத்து இருப்பது 150 ஒளியாண்டில். ரோகிணியிலிருந்து இடப்பக்கம் சற்று மேலே, கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரல் தள்ளி, அடுத்த முனையில் ஒரு விண்மீன் இருக்கிறது. அதன் பெயர் ஐன். ஜப்பானியக் குழுவொன்று ஒகயாமாவிலிருந்து 2007இல் அதற்கு ஒரு கோள் இருப்பதைக் கண்டுபிடித்தது. வியாழனைப் போல ஏழு மடங்குக்கு மேல் எடை, ஒருமுறை சுற்றி வர 595 நாள். திறந்த கொத்தில் முதன்முதலாகக் கிடைத்த கோள் அதுதான், பெயர் அமாதேரு. விண்மீனைப் பார்க்க பைனாகுலர்கூட வேண்டாம். தீபத்தை ஒட்டிய நாள்களில் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்து நின்றால் போதும்.