ஃப்ரிட்ஜில் ஒட்டிய டைம்டேபிள்

அக்காவுக்கு வணக்கம்,

என் மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. ஏடிஎச்டி (கவனத்தை நிறுத்த முடியாத நிலை) என்றும், கூடவே டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிக்கத் திணறும் கற்றல் குறைபாடு) என்றும் சொல்லியிருக்கிறார்கள். காலை நேரம்தான் பெரும்பாடு. பல் தேய்க்க அனுப்பினால் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு குழாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஐந்தரை முதல் எட்டரை வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று டைம்டேபிள் எழுதி, லேமினேட் செய்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வெட்கப்பட்டாவது மாறுவான் என்று, அவன் அப்படி நிற்பதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். என் மாமியார், 'அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது, ரெண்டு போட்டால் சரியாகிவிடும்' என்கிறார். சிபிஎஸ்இயிலிருந்து ஸ்டேட் போர்டுக்கு மாற்றிவிடலாமா? மாத்திரை கொடுக்கலாமா?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

முதலில் அந்த வீடியோவை அழியுங்கள். குரூப்பில் இருப்பவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். சித்தப்பாவும் அத்தையும் அவர்கள் பிள்ளைகளும் தன்னைப் பார்த்துச் சிரித்ததை எந்தக் குழந்தையும் மறக்காது. எவ்வளவு அலுத்துப்போயிருந்தால் நீங்கள் அதைச் செய்திருப்பீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது தப்பு.

உங்கள் மாமியாருக்கு ஒரு தகவல். நல்ல புத்தி இருந்தும் கவனத்தை நிறுத்த முடியாத பிள்ளைகளைப் பற்றி ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் 1902லேயே லண்டனில் விரிவாகப் பேசியிருக்கிறார். அந்தக் காலத்திலும் இருந்தார்கள். அடி வாங்கிக்கொண்டு இருந்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது அந்த டைம்டேபிளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். எழுத்தைப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு முழுக்க எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். நேரம் போவதே தெரியாத பிள்ளைக்கு மணிக்கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அவன் தடுமாறுவது வாஷ்பேசினில், அட்டை ஒட்டியிருப்பது சமையலறையில். அது அவனுக்காகச் செய்த அட்டையே இல்லை. அவன் கேட்கவில்லை என்று நாளைக்கு நாலு பேரிடம் காட்டத்தான் உதவும்.

என் அப்பா ஈரோட்டில் ரயில் டிரைவர், கூட்ஸ் வண்டி. நடுராத்திரியில், டியூட்டிக்குக் கூப்பிட வரும் 'கால் பாய்' வந்து கதவைத் தட்டுவார். அப்பா எழுந்து, டியூட்டிக்குக் கொண்டுபோகும் பெட்டியான லைன் பாக்ஸைத் திறந்து வைத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வாய்விட்டுச் சொல்வார்: 'டார்ச். கொடி. கண்ணாடி. சாப்பாடு.' வண்டியிலும் அதே பழக்கம்தான். தூரத்தில் சிக்னல் தெரிந்ததும் ஒருவர் கை நீட்டி அதன் நிறத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நம் ரயில்களில் அப்படித்தான். ஜப்பானில் தனியாக ஓட்டுபவர்கள்கூடக் கை நீட்டி வாய்விட்டுச் சொல்கிறார்கள். ஈரோட்டிலிருந்து ஜோலார்பேட்டை வரை ஒவ்வொரு சிக்னலும் அப்பாவுக்கு மனப்பாடம். இருந்தும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் தெரிந்த விஷயம் அந்த நிமிடத்தில் கைக்கு வராமல் போகும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் போகும்.

என் தம்பிக்கு அது எப்போதுமே அப்படித்தான் இருந்தது. ஒரு காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, மறு சாக்ஸைக் கையில் வைத்தபடி எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். பள்ளியில் தினமும் முட்டி போட வைத்தார்கள். அம்மா அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டே இருப்பார். டியூட்டி இல்லாத ஒரு நாள் அப்பா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டியில் உதவி டிரைவரிடம் பேசும் அதே குரலில், சாக்ஸை நோக்கிக் கை நீட்டி 'சாக்ஸ்' என்றார். அவனும் கை நீட்டி 'சாக்ஸ்' என்றான், மாட்டினான். 'ஷூ.' 'ஷூ.' 'பை.' 'பை.' அதட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. பிறகு அது அவர்கள் இருவருக்குமான வேலையாகிவிட்டது. அப்பா லைனுக்குப் போகும் நாட்களில் நான் சொல்வேன். இப்போது அவன் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையும் பூட்டையும் போனையும் விரலால் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தாலும் அவனுக்குக் கவலையில்லை.

நீங்களும் அடுப்படியிலிருந்து கத்துவதை நிறுத்துங்கள். குக்கரை இறக்கி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஒரு வார்த்தை. அவன் பிரஷ் எடுப்பதை, வாய் கொப்பளிப்பதை, துண்டால் துடைப்பதை போட்டோ எடுத்து, கண்ணாடிக்குப் பக்கத்தில், அவன் கண் உயரத்தில் வரிசையாக ஒட்டுங்கள். மூன்று படம் போதும். மணி எழுதாதீர்கள், வரிசைதான் முக்கியம். சீருடை, பெல்ட், சாக்ஸ் எல்லாம் ராத்திரியே ஒரே இடத்தில் இருக்கட்டும், போடும் வரிசையிலேயே. படங்கள் பழகிப்போய் அவன் கண்ணில் படாமல் போகும் நாள் வரும். அப்போது மாற்றி ஒட்டுங்கள். புள்ளி வைத்துக் கொடுத்தால் கோலம் போடுகிற பிள்ளையை, புள்ளி இல்லாமல் போடு என்று மிரட்டுவதில் என்ன பயன்? இப்படியெல்லாம் செய்தால் செல்லம் கொடுத்துக் கெடுப்பதாகச் சொல்வார்கள். சொல்லட்டும். நாளைக்கு அவனே இதைத் தனக்குச் செய்துகொள்ள வேண்டும், அதற்கு யாராவது முதலில் கூட நின்று செய்துகாட்ட வேண்டும்.

மாத்திரையை ஒரு எழுத்தாளரிடம் கேட்காதீர்கள். குழந்தைகள் மனநல மருத்துவரிடம் கேளுங்கள். பசி குறையுமா, தூக்கம் கெடுமா, எடையும் உயரமும் எப்படிக் கவனிப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள். பயத்தில் மறுக்கவும் வேண்டாம், அவசரத்தில் வாங்கவும் வேண்டாம்.

போர்டைப் பொறுத்தவரை, காலையில் சாக்ஸ் போடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதித்தர ஆளும் இரண்டு போர்டுகளிலும் கேட்கலாம், உரிய சான்றிதழ் வேண்டும். அதைப் பத்தாம் வகுப்பு வரை தள்ளிப்போட்டுக் கடைசியில் அலையாமல், என்னென்ன பரிசோதனை, எந்த மருத்துவமனை என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

அன்புடன்,
அக்கா