நான்கு பிரிண்டரும் ஒன்றாக நின்றால் கோளாறு பிரிண்டரில் இல்லை

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 24 கணினிகள். லேசர் பிரிண்டர் இரண்டு, கார்ட்டன் ஸ்டிக்கர் அடிக்கும் லேபிள் பிரிண்டர் ஒன்று, டிசி (டெலிவரி சலான்) போட ஒரு டாட் மேட்ரிக்ஸ். நான்கையும் ஒரு விண்டோஸ் 10 புரோ கணினியில் ஏற்றி, அதிலிருந்து எல்லோருக்கும் ஷேர் செய்திருக்கிறோம். காலையில் நன்றாக ஓடுகிறது. 11 மணி வாக்கில் நான்கு பிரிண்டரும் சேர்ந்து நின்றுவிடுகின்றன. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். சில நாள் பத்தே நிமிடத்தில் மறுபடி நிற்கும். சிலருக்கு மட்டும் பிரிண்டரோடு இணைப்பே கிடைக்காத நாளும் உண்டு. பிரிண்டர் சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, பிரிண்டரில் ஒன்றுமில்லை என்கிறார். புதிதாக ஒரு சர்வர் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். சர்வீஸ் ஆள் சொன்னது சரி. வெவ்வேறு வகைப் பிரிண்டர்கள் நான்கு ஒரே நொடியில் பழுதாகாது. நிற்பது அவற்றுக்குப் பொதுவாக நடுவில் இருக்கும் ஸ்பூலர்.

ஸ்பூலர் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. யார் பிரிண்ட் கொடுத்தாலும் அது நேராகப் பிரிண்டருக்குப் போவதில்லை. முதலில் அந்தக் கணினியின் சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் கோப்பாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு ஜாபுக்கும், அதாவது ஒருவர் ஒருமுறை கொடுக்கும் பிரிண்டுக்கு, இரண்டு கோப்புகள். எஸ்பிஎல் என்று முடிவதில் அச்சாக வேண்டிய விஷயம் இருக்கும். எஸ்எச்டி என்று முடிவதில் யார் கொடுத்தது, எந்தப் பிரிண்டருக்கு, எத்தனை பிரதி என்ற விவரம் இருக்கும். ஸ்பூலர் இவற்றை எடுத்து, அந்தந்தப் பிரிண்டருக்கென்று ஏற்றியிருக்கும் டிரைவர் என்ற மென்பொருளைக் கூப்பிட்டு, பிரிண்டருக்குப் புரியும் வடிவில் மாற்றி அனுப்புகிறது. பழைய டிரைவர்கள் பலவும் ஸ்பூலரின் உள்ளேயே ஏறி உட்கார்ந்து ஓடுபவை. அதில் ஒன்று தடுக்கி விழுந்தால் ஸ்பூலரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். லேபிள் பிரிண்டரின் டிரைவர் சிக்கினால் லேசரில் இன்வாய்ஸ் வராமல் போவது இப்படித்தான்.

ரீஸ்டார்ட் செய்த பத்தாவது நிமிடம் மறுபடி நிற்பதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. கணினியை அணைத்தாலும் அந்த ஃபோல்டரில் இருக்கும் கோப்புகள் அழிவதில்லை. ஸ்பூலர் எழுந்ததும் அவற்றைத் திரும்ப வாசித்து, மறுபடி அனுப்பப் பார்க்கும். சிக்கலே அதில் ஒரு கோப்புதான் என்றால், அதே கல்லில் மறுபடி இடறும். அதனால் அடுத்த முறை நிற்கும்போது தயவுசெய்து ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். நின்றுகிடக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் தடயம் இருக்கிறது.

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து டீட்டெயில்ஸ் பகுதியில் ஸ்பூல்எஸ்வி.இஎக்ஸ்இ என்ற பெயரைத் தேடுங்கள். பட்டியலிலேயே இல்லையென்றால் ஸ்பூலர் செத்துவிட்டது. ஏதோ ஒரு டிரைவர் அதை விழுத்தியிருக்கிறது. ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவில் 1000 என்ற எண்ணுள்ள பிழையைப் பாருங்கள். எந்தக் கோப்பு காரணம் என்று ‘ஃபால்டிங் மாட்யூல்’ என்ற வரியில் பெயரோடு போட்டிருக்கும். பெரும்பாலும் அந்தப் பெயரை வைத்தே எந்தப் பிரிண்டர் கம்பெனியின் டிரைவர் என்று கண்டுபிடித்துவிடலாம்.

பெயர் இருக்கிறது, ஆனால் அது சிபியுவின் ஒரு கோர் (core) முழுவதையும் தின்றுகொண்டு இறங்காமல் நிற்கிறது என்றால், டிரைவர் ஏதோ ஒரு பக்கத்தை மென்று விழுங்க முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயரும் இருந்து சிபியு பூஜ்யத்திலேயே கிடந்தால், அது எதற்காகவோ காத்திருக்கிறது: பதில் தராத பிரிண்டர், மாறிப்போன ஐபி முகவரி இப்படி. பெயரின் மேல் வலது கிளிக் செய்தால் ‘அனலைஸ் வெயிட் செயின்’ என்று ஒரு வசதி வரும். எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதை அங்கே பார்க்கலாம். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் டிரைவரை மாற்றுவதும் கேபிளை மாற்றுவதும் வீண் வேலை.

அடுத்து அந்த பிரிண்டர்ஸ் ஃபோல்டரைத் திறந்து தேதி வரிசையில் அடுக்குங்கள். எல்லாவற்றுக்கும் முந்திய நேரத்தில் உட்கார்ந்திருக்கும் கோப்பின் மேல்தான் முதல் சந்தேகம். அதன் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு அலுவலகத்தில் இதே மாதிரிப் புகாருக்குப் போயிருந்தபோது, இந்த ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 10:50 வரை கோப்புகள் வந்த வேகத்தில் மறைந்துகொண்டிருந்தன. பிறகு ஒரு கோப்பு வந்தது. 40 எம்பி. எஃப்5 தட்டினேன், 300. இன்னொரு முறை தட்டினேன், ஒரு ஜிபியைத் தாண்டியிருந்தது. சி டிரைவில் மீதம் இருந்ததே மூன்று ஜிபிக்குள். யாரோ கைப்பேசியில் படம் பிடித்துப் பிடிஎஃப் ஆக்கிய பேங்க் ஸ்டேட்மென்ட், 180 பக்கம், கலரில், ‘பிரிண்ட் அஸ் இமேஜ்’ டிக் போட்டு அனுப்பியிருந்தார்கள். அன்று எல்லாப் பிரிண்டரையும் நிறுத்தியது அந்த ஒரு டிக்தான்.

கணக்குப் போட்டால் இது புரியும். ஏ4 பக்கம் ஒன்றை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், படமாக்கினால் சுமார் 3.5 கோடிப் புள்ளிகள். கலர் என்றால் புள்ளிக்கு 3 பைட், ஆக ஒரு பக்கத்துக்கு 100 எம்பிக்கு மேல். டிரைவர் இதைச் சுருக்கித்தான் எழுதும், ஆனால் எவ்வளவு சுருங்கும் என்பது பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெள்ளைத்தாளில் நாலு வரி என்றால் நன்றாகச் சுருங்கும்; போட்டோ என்றால் அவ்வளவாகச் சுருங்காது. உங்கள் இடத்தில் சரக்கு வாங்கும் பையர் அனுப்பும் கார்ட்டன் ஸ்டிக்கர் பிடிஎஃப்களைக் கொஞ்சம் கவனியுங்கள். லோகோ, பார்கோடு, விதவிதமான எழுத்துருக்கள் என்று எல்லாம் சேர்ந்து வரும் அந்தக் கோப்புகளில் லேபிள் டிரைவர்கள் திணறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஷிப்மென்ட் நாளில்தான் அதிகம் நிற்கிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

சிக்கிய கோப்பை எடுப்பது எளிது, ஆனால் வரிசை முக்கியம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘நெட் ஸ்டாப் ஸ்பூலர்’ கொடுங்கள். நிற்க மறுத்தால் டாஸ்க் மேனேஜரில் அதை முடித்துவிடுங்கள். அப்புறம் சந்தேகக் கோப்பை, அதே எண்ணுள்ள எஸ்பிஎல், எஸ்எச்டி இரண்டையும், வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். பிறகு ‘நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்’. மற்றவர்கள் கொடுத்த ஜாப்கள் தானாக அச்சாகத் தொடங்கும். யாரும் மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக அழிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதனால்தான் எந்தக் கோப்பு குற்றவாளி என்று கடைசிவரை தெரியாமலே போகிறது. பக்கத்திலேயே டிரைவர்ஸ் என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கும், அவசரத்தில் அதில் கை வைத்துவிடாதீர்கள். நகர்த்திய கோப்பை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். அதற்குள் இருப்பது உங்கள் கம்பெனியின் இன்வாய்ஸாகவோ சம்பளப் பட்டியலாகவோ இருக்கலாம். அதை யாருக்கும் அனுப்புவது சரியில்லை.

குற்றவாளி டிரைவர் என்று தெரிந்தால் அதைத் தனி அறையில் பூட்டி வைக்க வழி இருக்கிறது. விண்டோஸ் 7 காலத்திலிருந்தே உள்ள வசதி, ஆனால் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. பிரிண்ட் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, இல்லையென்றால் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் சேர்த்துக்கொண்டு, டிரைவர்ஸ் பட்டியலில் அந்த டிரைவரின் மேல் வலது கிளிக் செய்யுங்கள். ‘செட் டிரைவர் ஐசொலேஷன்’ என்பதில் ‘ஐசொலேட்டட்’ தேர்ந்தெடுங்கள். இனி அது ஸ்பூலருக்கு வெளியே, பிரிண்ட்ஐசொலேஷன்ஹோஸ்ட் என்ற தனிப் பெயரில் ஓடும். விழுந்தால் அது மட்டும் விழும், லேசர்கள் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் நிலையில் நான் முதலில் இதை லேபிள் பிரிண்டர் டிரைவருக்குச் செய்வேன். அதன் பிறகு ஒரு வாரம் வேறெதுவும் நிற்கவில்லை, லேபிள் மட்டும் நின்றது என்றால், சாட்சியே வேண்டாம்.

கூடவே, எப்போதோ விற்றுப்போன பிரிண்டர்களின் டிரைவர்கள் இன்னும் கிடந்தால் அவற்றையும் பேக்கேஜோடு நீக்குங்கள். லேசர் இரண்டும் ஒரே கம்பெனி என்றால் அவர்களுடைய பல மாடலுக்கும் பொதுவான யுனிவர்சல் பிசிஎல்6 டிரைவர் ஒன்றையே இரண்டுக்கும் போடலாம். டிரைவர் எண்ணிக்கை குறையக் குறைய ஸ்பூலர் நிம்மதியாக இருக்கும்.

காத்திருப்பதுதான் பிரச்சினை என்று தெரிந்தால் பார்க்க வேண்டிய இடம் போர்ட், அதாவது கணினி எந்த வழியாகப் பிரிண்டருக்கு அனுப்புகிறது என்ற அமைப்பு. பிரிண்டர் பிராப்பர்டீஸில் போர்ட்ஸ் பகுதிக்குப் போங்கள். பெயர் டபிள்யூஎஸ்டி என்று தொடங்கினால் அதை விட்டுவிட்டு ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட் புதிதாகச் சேருங்கள், 9100 எண்ணில். ரௌட்டரில் அந்தப் பிரிண்டருக்கு ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒருநாள் மின்வெட்டுக்குப் பிறகு பிரிண்டர் வேறு முகவரியோடு எழுந்திருக்கும், ஸ்பூலர் பழைய வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கும். பிரிண்டர் நன்றாக இருந்தும் ‘ஆஃப்லைன்’ காட்டுகிறது என்றால் அதே போர்ட்டின் கான்ஃபிகர் பகுதியில் பிரிண்டரின் நிலையைக் கேட்டுப் பார்க்கும் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் டிக்கை எடுத்துப் பாருங்கள்.

இனி அந்த இரண்டாவது புகார், சிலருக்கு மட்டும் இணைப்பே கிடைக்காமல் போவது. இதற்கும் ஸ்பூலருக்கும் சம்பந்தமில்லை. விண்டோஸ் 10, 11 எதில் ஷேர் செய்தாலும் அந்தக் கணினி ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் உள்ளே விடாது. உங்களிடம் 24 கணினி. காலையில் எல்லோரும் வந்து சேர்வதற்குள் கணக்கு நிரம்பிவிடும். அதற்கு மேல் வருகிறவர் வெளியேதான் நிற்க வேண்டும். அடுத்த முறை அப்படி ஆகும்போது ஷேர் செய்யும் கணினியில் அதே கமாண்ட் பிராம்ப்டில் ‘நெட் செஷன்’ என்று கொடுத்துப் பாருங்கள், யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று வரிசையாக வரும். சும்மா இருக்கும் இணைப்பு வழக்கமாக 15 நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். அதனால்தான் கொஞ்ச நேரம் கழித்து முயன்றால் சிலருக்குக் கிடைத்திருக்கும். அது தானாகச் சரியானது போலத் தோன்றியிருக்கும். இந்த 20ஐ எந்த அமைப்பை மாற்றியும் கூட்ட முடியாது.

மணிக்கொரு தரம் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்ய டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். 40 பக்கப் பேக்கிங் லிஸ்ட் 22ஆம் பக்கத்தில் இருக்கும்போது அது வந்து வெட்டும், மறுபடி முதல் பக்கத்திலிருந்து அடிக்கும். எந்தத் தாள் எந்தச் செட் என்று பேக்கிங்கில் குழம்புவார்கள். சர்வீசஸில் ரெக்கவரி பகுதியில் ‘ரீஸ்டார்ட் தி சர்வீஸ்’ போட்டு வைப்பதில் தவறில்லை. ஆனால் அது ஸ்பூலர் செத்தால் மட்டுமே எழுப்பும், உயிரோடு உறைந்து கிடந்தால் கண்டுகொள்ளாது.

எல்லாம் சொன்ன பிறகு என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அளவு அலுவலகத்துக்கு லேசர் பிரிண்டர்களை ஒரு கணினி வழியாக ஷேர் செய்யவே தேவையில்லை. லேசர் இரண்டும் நெட்வொர்க் கேபிளில் இருந்தால், ஒவ்வொரு கணினியிலும் அவற்றின் ஐபி முகவரிக்கு நேராக டிசிபி/ஐபி போர்ட் போட்டு, ஒரே டிரைவரை ஏற்றிவிடுங்கள். கணினிக்குப் பத்து நிமிடம் என்றால் 24க்கும் நாலு மணி நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். யார் எத்தனை பக்கம் அடித்தார்கள் என்ற பதிவு ஒரே இடத்தில் கிடைக்காது, அது ஒன்றுதான் இழப்பு. நிர்வாகத்துக்கு அந்தக் கணக்கு கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் முறையான விண்டோஸ் சர்வர் பற்றி யோசியுங்கள். லேபிள் பிரிண்டரைப் பேக்கிங் பகுதிக் கணினியிலும் டாட் மேட்ரிக்ஸை டிசி போடுகிறவர் கணினியிலும் மாட்டிவிட்டால், நடுவில் இருக்கும் அந்த விண்டோஸ் 10 கணினிக்கு வேலையே இல்லை. அதற்கான மைக்ரோசாஃப்டின் இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2021இல் பிரிண்ட்நைட்மேர் என்று பெயர் வாங்கிய ஓட்டை இதே ஸ்பூலரில்தான் இருந்தது. அந்த மாதிரிக் கணினியில் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஸ்பூலரை ஓடவிடுவது எனக்குப் பயமாகவே இருக்கிறது.

அதற்குள் இன்னொரு முறை நின்றால், சிபியு எவ்வளவு காட்டியது, முந்திய எஸ்பிஎல் கோப்பின் அளவு என்ன, அது யார் எந்தப் பிரிண்டருக்குக் கொடுத்தது, இந்த மூன்றையும் குறித்து எழுதுங்கள். அதை வைத்து எந்த டிரைவர் என்று சொல்லப் பார்க்கிறேன்.